ஜீப்பில் ஓடும் பாட்டும் தூக்குவாளிச் சோறும்

(போடிநாயக்கனூரில் இளைஞர்கள் கூடிய அரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நமக்கு மேலே இருக்கும் மலையில், தேவிகுளம் தொகுதியில், 1958-ஆம் ஆண்டு ஓர் இடைத்தேர்தல் நடந்தது. கம்யூனிஸ்ட் கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ். ஓட்டுப் போட வேண்டிய தோட்டத் தொழிலாளர்களில் தமிழர்கள் ஏராளம். மலையாளத்தில் பேசும் தலைவர்களின் மேடைப் பேச்சு லயத்து வீடுகளுக்குள் எவ்வளவு தூரம் போயிருக்கும்? அப்போது பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராசன் தன் பாட்டுக் குழுவோடு மலையேறினார். எல்லோர் வாயிலும் ஏற்கெனவே இருந்த சினிமா மெட்டுகளை எடுத்துக்கொண்டார். சொற்களை மட்டும் தன்னுடையதாக்கிப் பாடினார். கட்சி ஜெயித்தது. அந்த வெற்றியில் பாவலர் பாட்டுக்குப் பெரும்பங்கு உண்டென்று கட்சிக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். அண்ணன் குழுவோடு ஊர் ஊராகப் போய் வளர்ந்த தம்பிதான் இளையராஜா.

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு உணவு. பலவிதமான இளைஞர்கள் வாழும் ஒரு வட்டாரத்தில், அவர்களை நல்ல சாப்பாட்டின் பக்கம் திருப்பப் பொழுதுபோக்கு ஊடகங்கள் உதவுமா என்று பேசச் சொன்னார்கள். ஓட்டை மாற்றிய பாட்டு தட்டை மாற்றாதா என்று நீங்கள் கேட்கலாம். மாற்றும். ஏற்கெனவே மாற்றியிருக்கிறது. நாம் இன்று சாப்பிடுவதிலும் குடிப்பதிலும் பாதி, யாரோ ஆடிப்பாடிச் சிரிக்க வைத்து நம் நாக்குக்குப் பழக்கிவிட்டவைதான். என் பேச்சு அந்தக் கதையிலிருந்து தொடங்குகிறது.

டீயை எடுத்துக்கொள்வோம். டாப் ஸ்டேஷன் என்று இன்று நீங்கள் செல்பி எடுக்கப் போகும் இடத்துக்கு அந்தப் பெயர் வந்ததே டீயால்தான். மூணாறுத் தேயிலைப் பெட்டிகள் அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாகக் கடல் கடந்து போயின. இலை நம் மலையில் விளைந்தது; குடித்தவன் வெள்ளைக்காரன். 1930-களில் உலகச் சந்தை சரிந்து ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தபோதுதான், விற்க உள்ளூர்க்காரன் இருக்கிறானே என்ற நினைப்பு தோட்ட முதலாளிகளுக்கு வந்தது. தேயிலைச் சந்தையை விரிவாக்க ஒரு வாரியம் அமைத்தார்கள். சந்தையிலும் திருவிழாவிலும் ரயில் நிலையத்திலும் வண்டிகள் வந்து நின்றன. வண்ணச் சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன. டீயை எப்படிப் போடுவது என்று ஆள் நின்று போட்டுக் காட்டினான். இலவசமாக ஊற்றியும் கொடுத்தான். நம் ஊரின் பெரியவர்கள் டீயை உடம்புக்கு ஆகாத வஸ்து என்று திட்டித்தான் பார்த்தார்கள். திட்டு தோற்றது, வண்டி ஜெயித்தது. இன்று போடி பஸ் நிலையத்தில் காலை நான்கு மணிக்குத் திறந்திருக்கும் கடை எதுவென்று உங்களுக்கே தெரியும்.

அடுத்தது நெல். 1960-களின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஏ.டி.டி. 27 என்ற குறுகிய கால நெல் வந்தது. திருச்சி வானொலி அதைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தது. வெறும் அறிவிப்பாகச் சொல்லாமல் விவசாயியையே பேச வைத்தது. அவனுடைய வட்டார வழக்கிலேயே கேள்வியும் பதிலும் ஓடின. தஞ்சாவூர் விவசாயிகள் அந்த நெல்லுக்கு வைத்த பெயர் ‘ரேடியோ நெல்’. ஆராய்ச்சிக்காரர்கள் வைத்த எண் மறந்துபோனது, ரேடியோ என்ற பெயர் நின்றது. ஆனால் இதில் இன்னொன்றும் உண்டு, அதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். தஞ்சாவூர் அந்தச் சமயத்தில் தீவிர விவசாயத் திட்டத்தில் இருந்த மாவட்டம். வானொலியில் கேட்டவன் மறுநாள் விசாரித்தால் விதையும் உரமும் கடனும் பக்கத்திலேயே கிடைத்தன. ரேடியோ மட்டும் பேசி, விதை திருச்சியில் பூட்டிக் கிடந்திருந்தால் அது ரேடியோ நெல்லாக ஆகியிருக்காது. ரேடியோ நாடகமாக முடிந்திருக்கும்.

மூன்றாவதாகச் சொல்லப்போவது எனக்கு மிகவும் பிடித்த கதை. கொஞ்சம் கசப்பான கதையும்கூட.

பெரு நாட்டில் 1969-இல் ஒரு தொலைக்காட்சித் தொடர் வந்தது. கிராமத்திலிருந்து நகரத்துக்கு வந்து வீட்டு வேலை செய்யும் ஒரு பெண், தையல் கற்று முன்னேறுகிறாள். தொடரைப் பார்த்துப் பார்த்துப் பெண்கள் தையல் மெஷின் வாங்கக் கடைக்குப் போனார்கள். யாரும் அவர்களை வாங்கச் சொல்லவில்லை. இதைக் கவனித்தவர் மெக்சிகோவின் மிகேல் சபிதோ. 1975 முதல் அவரே தொடர்கள் எடுத்தார்: ஒன்று முதியோர் கல்விக்கு, ஒன்று குடும்பக் கட்டுப்பாட்டுக்கு. மனிதர்கள் தம்மைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்த்துக் கற்கிறார்கள் என்ற ஆல்பர்ட் பண்டூராவின் உளவியல் ஆய்வு அவருக்குத் துணை. இந்த முறையைத்தான் நம் தூர்தர்ஷன் 1984-இல் இறக்குமதி செய்தது. ‘ஹம் லோக்’ தொடர், 156 பாகங்கள். ஒவ்வொரு பாகத்தின் முடிவிலும் இந்தி நடிகர் அசோக் குமார் தோன்றி, சின்னக் குடும்பம், பெண் கல்வி, குடிப்பழக்கம் என்று அன்றைய கதையிலிருந்து ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போவார். வட இந்தியா வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

அந்தத் தொடருக்கு விளம்பரதாரர் யார் தெரியுமா? அப்போதுதான் சந்தைக்கு வந்திருந்த மேகி நூடுல்ஸ். சமூகத்தைத் திருத்த எடுத்த தொடரோடு வந்த விளம்பரத்தில் பசியோடு ஒரு பிள்ளை ஓடி வரும், அம்மா இரண்டு நிமிடத்தில் கிண்ணத்தை நீட்டுவாள். அசோக் குமார் சொன்ன அறிவுரைகள் எத்தனை பேருக்கு நினைவிருக்கின்றன? அந்தக் கிண்ணம் இந்தியா முழுவதும் அடுப்படிக்குள் போய்விட்டது. அந்த வெற்றியைப் பார்த்துத்தான் மற்ற கம்பெனிகளும் தொடர்களுக்குப் பணம் கொடுக்க வரிசையில் நின்றன. ஏன் விளம்பரம் ஜெயித்தது? அதில் அறிவுரை இல்லை. ஒரு பிள்ளையின் பசி இருந்தது. செய்வதற்கு ஒரே ஒரு காரியம் இருந்தது, இரண்டு நிமிடத்தில் முடிகிற காரியம். பாக்கெட்டு தெருமுனைக் கடையில் தொங்கியது.

ஆகவே நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். வேடிக்கை நம்மைச் சாப்பிட வைக்கும். ஆனால் கதைக்குள் நிற்பவர் நம் ஆளாக இருக்க வேண்டும். கதையில் வரும் சாப்பாடு நம் கை நீளும் தூரத்தில் கிடைக்க வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் பார்த்துச் சிரித்துவிட்டுப் பழைய கடைக்கே போவோம்.

இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்குச் சில எண்கள். 2019–21-இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. அதே கணக்கெடுப்பில் 40.4 சதவீதப் பெண்களுக்கு எடை அளவுக்கு மேல். முந்தைய கணக்கெடுப்பில், 2015–16-இல், அது 30.9 சதவீதமாக இருந்தது. ஆண்களில் 2019–21-இல் 37 சதவீதம். அதாவது வயிறு நிறைகிறது, இரத்தம் ஊறவில்லை. இரண்டும் ஒரே தெருவில், ஏன், ஒரே உடம்பில் இருக்கின்றன. இந்தியாவின் நோய்ச் சுமையில் 56.4 சதவீதத்துக்கு ஆரோக்கியமற்ற உணவே காரணம் என்று ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி சொல்கிறது. எண்கள் போதும். எண்ணைக் கேட்டுச் சாப்பாட்டை மாற்றிக்கொண்டவன் யாரும் கிடையாது.

இப்போது நம் ஆள் யார் என்று பார்ப்போம். போடியில் இளைஞர் என்றால் ஒரே மாதிரி ஆளா? விடியுமுன் எழுந்து, சமைத்து, தூக்குவாளியில் சோற்றை அடைத்துக்கொண்டு ஜீப்பில் நெருக்கியடித்து போடிமெட்டுக் கொண்டைஊசி வளைவுகளில் ஏறி, பூப்பாறைக்கும் சாந்தன்பாறைக்கும் உடும்பஞ்சோலைக்கும் ஏலக்காய் எடுக்கப் போகிற இருபது வயதுப் பெண் ஓர் ஆள். ஏலக்காய் விவசாயிகள் சங்கக் கல்லூரியிலோ அரசுப் பொறியியல் கல்லூரியிலோ படித்துக்கொண்டு விடுதிச் சாப்பாட்டைச் சபிக்கிற பையன் இன்னோர் ஆள். குரங்கணி முதுவாக்குடியில் இருக்கும் முதுவர் இளைஞன், மலையடிவாரக் குடியிருப்பில் இருக்கும் பளியர் பெண் வேறு. வீட்டுக்குள் கன்னடமும் தெலுங்கும் பேசி, தெருவில் தமிழ் பேசுகிற குடும்பங்கள் இந்த ஊரில் தலைமுறைகளாக இருக்கின்றன. மேலே தோட்டங்களில் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து தகரக் கொட்டகையில் சமைத்துச் சாப்பிடுகிற தம்பிகள். இவர்கள் எல்லோருக்கும் சென்னையில் எடுத்த ஒரே விளம்பரத்தைக் காட்டினால் என்ன ஆகும்? அதில் வெள்ளைச் சமையலறையில், வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் கண்ணாடிக் கிண்ணத்தில் பச்சைக் காய்களை நறுக்கிப் போட்டு, அதன்மேல் ஆலிவ் எண்ணெய் ஊற்றுவார். ஜீப் பெண் அதை வேடிக்கைதான் பார்ப்பாள். அந்த எண்ணெய் பாட்டில் அவளுடைய எத்தனை நாள் கூலி என்று அவளுக்குத் தெரியும்.

தன் ஆளைப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனை உண்டு. தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஷீலா மர்பியும் அவருடைய குழுவினரும் இரண்டு குறும்படங்களை எடுத்தார்கள். இரண்டும் பதினொரு நிமிடம். இரண்டிலும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பற்றிய அதே தகவல்கள். ஒன்றில் மருத்துவர்கள் விளக்குவார்கள். இன்னொன்றில் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பப் பெண்கள், வீட்டு விசேஷத்துக்காக அடுப்படியில் கூடி உட்கார்ந்து தமாலே என்னும் தங்கள் ஊர்ப் பலகாரம் செய்துகொண்டே அதைப் பற்றிப் பேசிச் சிரிப்பார்கள், சண்டை போடுவார்கள். கதைப் படம் பார்த்தவர்களுக்கு விஷயம் கூடுதலாக மனத்தில் ஏறியது. அதிலும் மெக்சிகோ வம்சாவளிப் பெண்கள் அந்தக் கதையில் மற்ற எவரையும்விட ஆழமாக மூழ்கிப்போனார்கள். மாவு பிசைந்துகொண்டே பேசிய அந்த வாய்க்கு, வெள்ளைக் கோட்டுக்கு இல்லாத செல்வாக்கு இருந்தது.

நமக்கும் அப்படி ஒரு படம் இருக்கிறது. 2018-இல் வந்த ‘மேற்குத் தொடர்ச்சி மலை’. லெனின் பாரதி இயக்கம், இளையராஜா இசை. ஒரு காணி நிலத்துக்காக மூட்டை சுமந்து மலையேறி இறங்கும் ரங்கசாமி, கடைசியில் கைவிட்டுப்போன தன் நிலத்திலேயே காற்றாலைக்குக் காவலாளியாக உட்காருகிறான். அது உணவைப் பற்றிய படம் அல்ல. ஆனால் நம் பாதையில் நம் முகங்களை வைத்துக் கதை சொன்னால் ஊர் எப்படி உட்கார்ந்து பார்க்கும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். இந்த மாவட்டத்தில் அப்படிக் கதை சொல்பவர்களுக்குக் குறையே கிடையாது. அல்லிநகரம் பாரதிராஜா சினிமாவுக்குப் போகுமுன் சுகாதார ஆய்வாளர் வேலை பார்த்தவர். அந்த வேலையிலேயே இருந்திருந்தால் கொசு மருந்தடித்துக் கணக்கெழுதி ஓய்வு பெற்றிருப்பார். கிராமம் என்றால் எப்படி இருக்கும் என்று தமிழ்நாட்டுக்கே அவர் சொன்னதைத் திரையில் சொன்னதால்தான் கேட்டார்கள்.

சிரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் 1949-இல் ‘நல்லதம்பி’ எடுத்தார். கதை அண்ணாதுரை எழுதியது, பிரசாரம் மதுவிலக்கு. பிரசாரப் படத்தை யார் காசு கொடுத்துப் பார்ப்பார்கள்? பார்த்தார்கள். அதில் வரும் கிந்தனார் காலட்சேபத்தில், நந்தனாரைப் போல் கோயிலுக்கு ஏங்காமல் பள்ளிக்கூடத்துக்கு ஏங்கும் ஒரு சேரிப் பையனின் கதையை அவர் சொல்லச் சொல்லச் சிரித்தவர்கள், சிரித்து முடித்தபோது ஏதோ ஒன்று உள்ளே தங்கிவிட்டதை உணர்ந்தார்கள். கலைவாணர் குடிகாரனைக் கேலி செய்தபோதும் அவனை மனிதனாகவே வைத்திருந்தார். இதை இன்று உணவைப் பற்றி வீடியோ போடும் தம்பிகள் கவனிக்க வேண்டும். தொப்பையைக் காட்டிக் கிண்டல் செய்கிற வீடியோவைப் பார்த்து எவனும் இளைத்ததில்லை. வெட்கப்பட்டவன் ஒளிந்து தின்கிறான், அவ்வளவுதான் நடக்கிறது.

இன்றைய பொழுதுபோக்குக்கு வருவோம். 2019-இல் விஜய் டிவியில் தொடங்கிய ‘குக்கு வித் கோமாளி’யை இங்கே பார்க்காதவர்கள் கையைத் தூக்குங்கள் என்றால் ஒரு கையும் வராது. சமையல் தெரிந்தவரோடு சமையல் தெரியாத ஒரு கோமாளியைக் கட்டிவிடுகிறார்கள். முன்பெல்லாம் மத்தியான நேரத்தில் நோட்டும் பேனாவுமாக இல்லத்தரசிகள் மட்டும் பார்த்த சமையல் நிகழ்ச்சியை, வாலிபப் பையன்கள் ராத்திரி உட்கார்ந்து பார்க்கும்படி செய்தது அதுதான். ஆண்பிள்ளை அடுப்படியில் தடுமாறலாம், அதில் வெட்கம் இல்லை என்று அந்த நிகழ்ச்சி ஒரு வரி பேசாமல் சொல்லிவிட்டது. ஊட்டச்சத்தைப் பற்றி அது கவலைப்படவில்லை, உண்மைதான். ஆனால் தானே சமைப்பவன் வெளியே தின்பதைக் குறைப்பான். அந்த வகையில் பல அரசுப் பிரசுரங்களைவிட அது பெரிய வேலை செய்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம். புதுக்கோட்டைப் பக்கம் சின்னவீரமங்கலத்தில் 2018-இல் ஒரு தாத்தாவும் பேரன்களும் வயல்வெளியில் அம்மியில் மசாலா அரைத்துத் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனல், ஒரு கோடிச் சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ் யூடியூப் சேனலாயிற்று. அங்கும் ஆண்கள்தான் சமைக்கிறார்கள், சந்தோஷமாகச் சமைக்கிறார்கள், சமைத்ததைப் பிறருக்கு ஊட்டுகிறார்கள். கறியின் அளவைப் பார்த்து நான் மிரண்டுபோவது வேறு விஷயம்.

இனி சிறுதானியத்தின் கதை. இது வெற்றியா தோல்வியா என்று நீங்களே சொல்லுங்கள். சித்த மருத்துவர் கு. சிவராமன் ஆனந்த விகடனில் ‘ஆறாம் திணை’ என்ற உணவுத் தொடரை எழுதினார். அதற்கு முன்பே இயற்கை விவசாய அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்து, வட்டமாக உட்கார வைத்து, கதையும் கேலியுமாகப் பேசிக்கொண்டிருந்தார். 2015-இல் ‘36 வயதினிலே’ படத்தில் ஜோதிகா மொட்டைமாடியில் காய்கறி போட்டார். வரகும் சாமையும் குதிரைவாலியும் தமிழ்நாட்டு நகரத்து இளைஞர் வாயில் மறுபடி புழங்கத் தொடங்கின. எழுத்தாலும் படத்தாலும் ஒரு தானியத்துக்கு மரியாதையைத் திருப்பிக் கொடுக்க முடியும் என்பது நிரூபணமாயிற்று. ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்திருந்த 2023-இல், பால்குனி ஷா என்ற அமெரிக்க வாழ் பாடகி பிரதமரின் பேச்சையும் சேர்த்துச் சிறுதானியத்துக்கென ஒரு பாட்டே வெளியிட்டார். அது கிராமி விருதுக்குப் பரிந்துரையும் ஆனது.

எல்லாம் சரி. நம் ஜீப் பெண் அந்தப் பாட்டைக் கேட்டாளா? சாமை அவள் தாத்தா காலத்தில் ஏழைச் சாப்பாடு. இன்று அது வண்ணப் பாக்கெட்டில், அரிசியைவிடப் பல மடங்கு விலையில், மதுரையில் கண்ணாடிக் கடைக்குள் இருக்கிறது. 2011 ஜூன் முதல் ரேஷனில் அரிசி இலவசம். இலவச அரிசியை நான் குறை சொல்லவில்லை. அது எத்தனையோ அடுப்புகளை எரிய வைத்திருக்கிறது. ஆனால் ஒரு பக்கம் விலையில்லாத அரிசி, இன்னொரு பக்கம் கண்ணாடிக் கடைச் சாமை என்றால், கிராமி விருதே வந்தாலும் அவள் எதைப் பொங்குவாள்? 2023-இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் முன்னோட்டமாக, அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு ரேஷனில் கொடுக்கத் தொடங்கினார்கள். ரேடியோ நெல் காலத்துப் பாடம் அது. நூறு பாட்டுகள் செய்யாததை அந்த இரண்டு கிலோ செய்யும், பாட்டும் கூட இருந்தால்.

கேழ்வரகைச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. நூறு கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உள்ள தானியம், அரிசியில் அதில் சொற்பப் பங்குதான். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, இந்த மலையில் எல்லோருக்கும் அது சொந்தம் என்பது. போடிப் பாட்டி கிண்டுவது கேப்பைக்களி. முதுவர் வீட்டில் ராகிக்கட்டி. கன்னடம் பேசும் வீட்டில் அது உருண்டை. ஜார்க்கண்ட் தம்பியைக் கேட்டால், எங்கள் ஊரில் மடுவா ரொட்டி உண்டு என்பான். இவர்கள் எல்லோரும் ஒரே தோட்டத்து ஸ்டோர் வாசலில் மத்தியானம் தூக்குவாளியைத் திறக்கிறார்கள். இதற்கு மேல் ஒரு கதாசிரியனுக்கு என்ன வேண்டும்? ஒருவன் களியை இன்னொருவன் தொட்டுப் பார்க்கிறான், முகம் சுளிக்கிறான், கருவாட்டுக் குழம்பை ஊற்றிக்கொண்டு மறுவாய் கேட்கிறான். மூன்று நிமிடப் படம் அங்கேயே இருக்கிறது.

இன்னொரு வழியும் உண்டு, சண்டைக்காரன் வழி. 2023 ஏப்ரலில் ரேவந்த் ஹிமத்சிங்கா என்ற இளைஞர், போர்ன்விட்டாவில் எவ்வளவு சர்க்கரை என்று பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துக் காட்டி ஒரு குறும்வீடியோ போட்டார். கம்பெனி வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. அவர் வீடியோவை எடுத்துவிட்டார். அதற்குள் அது ஊரெல்லாம் ஓடிவிட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் கம்பெனி சேர்க்கும் சர்க்கரையைக் குறைத்தது. அடுத்த ஏப்ரலில் இத்தகைய பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ என்று வகைப்படுத்தி விற்கக் கூடாதென மத்திய அரசு இணைய வணிக நிறுவனங்களுக்குச் சொன்னது. பெரிய படக்குழு கிடையாது, கையில் ஒரு போன், கொஞ்சம் குறும்பு. பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிப்பது உங்களாலும் முடியும். கால் லிட்டர் கோலாவில் ஏறத்தாழ 26 கிராம் சர்க்கரை. அதை டீக்கடையில் ஸ்பூனால் அள்ளி ஒரு கிளாசில் போட்டுக் காட்டுங்கள். பேசவே வேண்டாம்.

இங்கே ஒருவர் எழுந்து, அப்படியென்றால் பரோட்டாவை விடச் சொல்கிறீர்களா என்று கேட்கத் துடிப்பது எனக்குத் தெரிகிறது. சொல்ல மாட்டேன். பரோட்டாவும் சால்னாவும் இந்த ஊர் இளைஞனின் ராத்திரிச் சந்தோஷம். மலையிறங்கி வந்து நண்பர்களோடு உட்காரும் ஒரு மணி நேரம் அது. அதைப் பிடுங்கப் போகிற பிரசாரம் முதல் நாளே செத்துவிடும். அதே கடைக்காரரிடம் சால்னாவோடு மொச்சைக்கொட்டைக் குழம்பும் ஒரு கீரைப் பொரியலும் வைக்கச் சொல்லுங்கள். மொச்சை நம் மண்ணின் பருப்பு. இரண்டு பரோட்டாவுக்குத் தொட்டுக்கொள்ள மொச்சை இருந்தால் மூன்றாவது பரோட்டா தானாகக் குறையும். வைக்கிற கடையின் மாஸ்டரை வீடியோவில் நாயகனாக்குங்கள். விளம்பரம் கிடைத்தால் எந்தக் கடைக்காரர் வேண்டாம் என்பார்?

கடைசியாக, போனைத் தாண்டி நமக்கு இருக்கும் மேடைகள். வீரபாண்டித் திருவிழா முதல் சின்னச் சின்ன ஊர்ப் பொங்கல்வரை இந்தப் பகுதியில் ராத்திரி முழுக்க வள்ளி திருமணம் நாடகம் நடக்கிறது. முதலில் பபூன் வருவார். கதைக்கும் அவருக்கும் சம்பந்தமே இருக்காது. அன்றைய விலைவாசி முதல் அடுத்த வீட்டு மாமியார்வரை எதையும் பேசலாம் என்ற உரிமை மேடையில் அவருக்கு மட்டும் உண்டு. அப்புறம் வள்ளி வருவாள். வள்ளி யார்? மலையில் தினைப்புனம் காக்கும் பெண். கிழவன் வேடத்தில் வரும் முருகனுக்கு அவள் கொடுப்பது என்ன? தேனும் தினைமாவும். தின்றுவிட்டு விக்கிக்கொண்டு தண்ணீர் கேட்டு அவர் அடிக்கும் கூத்துக்குத்தான் கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. நாம் ஊட்டச்சத்துப் பிரசாரத்துக்குக் கதை தேடி அலைகிறோம். இந்த மலையின் மிகப் பழைய காதல் கதையே ஒரு சிறுதானியக் கொல்லையில்தான் நடக்கிறது. நம் பபூன் கலைஞர்களோடு கல்லூரிப் பிள்ளைகள் ஒருநாள் உட்கார்ந்து பேசினால் போதும். வாத்தியார் தோரணையில் போகாதீர்கள், சிஷ்யப்பிள்ளையாகப் போங்கள். சிரிக்க வைப்பது எப்படி என்று அவர்களுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது.

ஜீப்பைச் சொல்லி முடிக்கிறேன். ஒவ்வொரு நாளும் மலையேறும்போதும் இறங்கும்போதும் அந்த வண்டிகளில் பாட்டு ஓடுகிறது. சிக்னல் கிடைக்கும் இடத்தில் 100.5-இல் கோடை பண்பலை ஓடுகிறது. பயணத்தில் வேறு வேலை கிடையாது, காது சும்மா இருக்கிறது. உலகத்தில் எந்த விளம்பரக் கம்பெனிக்கும் இப்படி ஒரு கட்டுண்ட சபை கிடைக்காது. அங்கே ஒலிக்கும்படி, ஐந்து நிமிடத்துக்குள், தொடர்கதையாக, நம் பேச்சில், ஜீப்புக்குள்ளேயே நடக்கிற ஒரு கதை வேண்டும். ஓட்டுநர் அண்ணன் ஒரு பாத்திரம், தூக்குவாளியில் தினம் ஒரு ரகசியம் கொண்டுவரும் அக்கா ஒரு பாத்திரம், தமிழை உடைத்து உடைத்துப் பேசும் ஜார்க்கண்ட் தம்பி ஒரு பாத்திரம். மருத்துவர் வேண்டாம். அப்படியே வந்தாலும் அவரும் டயர் பஞ்சராகி ஜீப்பில் ஏறியவராக இருக்கட்டும். எழுதுவதும் நடிப்பதும் அந்த ஜீப்பில் போகிறவர்களே செய்ய வேண்டும். கல்லூரிப் பிள்ளைகள் ஒலிப்பதிவும் வெட்டி ஒட்டும் வேலையும் பார்த்துக்கொள்ளட்டும். முதுவர் பிள்ளை எழுதும் பாகத்தைத் திருத்திச் செந்தமிழாக்காதீர்கள்.

ஓட்டல் சங்கத்தைச் சேர்ந்தவர்களும் தோட்ட உரிமையாளர்களும் இங்கே வந்திருக்கிறார்கள். உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் கதையில் கேப்பையையும் மொச்சையையும் கீரையையும் கொண்டுவரும் வாரத்தில், அவை உங்கள் கடையிலும் தோட்டத்து மத்தியானச் சாப்பாட்டிலும் சோற்று விலைக்கே கிடைக்கும்படி செய்யுங்கள். கதையைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள், சாப்பாட்டை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டில் சாப்பாட்டை முதலில் தயார் செய்யுங்கள். அது இல்லாமல் முதல் பாகத்தை வெளியிட வேண்டாம் என்று பிள்ளைகளையும் கேட்டுக்கொள்கிறேன்.